ஒரகடத்தில் நின்ற லாரிக்கு ஐந்நூறு ரூபாய்

லாரி ஆபீஸ்களில் 'ஆன்லைன் கேஸ்' என்று ஒரு பேச்சு உண்டு. ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று ஏதோ ஓரிடத்தில் சாலையோரம் நின்ற டிரெய்லரைப் படம் பிடித்திருப்பார்கள். ஓட்டுநருக்கு அது தெரியாது. வண்டி உரிமையாளரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். நோ பார்க்கிங், முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவையிலிருந்து 1,500. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு புதிய அபராத விகிதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இதுதான் கணக்கு. பெரும்பாலான உரிமையாளர்கள் பேசாமல் கட்டிவிட்டு, ஓட்டுநரின் பேட்டாவில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலான்களைப் படித்து, எதைக் கட்டலாம், எதை எதிர்க்கலாம் என்று சொல்வது என் தொழில். வண்டி நின்றதை நாங்கள் யாரும் மறுப்பதில்லை. அங்கே நிற்கக் கூடாது என்று யார் சொன்னார்கள், எந்த அதிகாரத்தில் சொன்னார்கள், நிற்கிறவனுக்குத் தெரியும்படி சொன்னார்களா என்று மட்டும் கேட்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டப்படும் ஒவ்வொரு 500 ரூபாயும், லாரி நிற்க இடம் ஒதுக்காமல் தொழிற்பேட்டை கட்டியதன் செலவை ஓட்டுநர் தலையில் ஏற்றுகிறது என்பது என் கட்சி.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டி நிற்பது தானாகவே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 122ஆம் பிரிவு பேசுவது, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ, தடையோ, தகாத இடைஞ்சலோ உண்டாக்கும்படி, அல்லது உண்டாக்கக்கூடிய நிலையில், வண்டியை விட்டுவைப்பதைப் பற்றி. 201ஆம் பிரிவு போக்குவரத்து ஓட்டத்தைத் தடுக்கும்படி நிற்பதற்கு 500 ரூபாய் என்கிறது. 177ஆம் பிரிவு வேறு தண்டனை சொல்லப்படாத எல்லா மீறல்களுக்கும் பொதுவானது. 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளை மீறினால் 177ஏ. அதற்கு 500க்குக் குறையாமல் 1,000 வரை. இவை ஒவ்வொன்றிலும் நிரூபிக்க வேண்டிய சங்கதி வேறு. தடை என்று வழக்குப் போட்டால் எதற்குத் தடையாக இருந்தது என்று காட்ட வேண்டும். தடைசெய்யப்பட்ட இடம் என்றால் அந்தத் தடையைக் காட்ட வேண்டும். வருகிற சலான்களிலோ பெரும்பாலும் 'நோ பார்க்கிங்' என்ற இரண்டு சொல்லும் '177' என்ற எண்ணும்தான் இருக்கும். படத்தில் ஒரு டிரெய்லரின் பின்பக்கமும் நம்பர் பிளேட்டும் தெரியும். பலகை தெரியாது, சாலையின் அகலம் தெரியாது, பக்கத்தில் வேறு வண்டி போக இடம் இருந்ததா என்பதும் தெரியாது. எதிர்வாதம் பிறக்கும் இடம் இதுதான்.

இதே சட்டத்தின் 117ஆம் பிரிவை இந்த வட்டாரத்தில் அதிகம் பேர் எடுத்துப் பார்ப்பதில்லை. வாகனங்கள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்கலாம் என்பது அந்தப் பிரிவு. 2019 திருத்தம் அதனுடன், சாலையில் போகிறவர்களின் பாதுகாப்புக்கும் தடையற்ற போக்குவரத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்று சேர்த்தது. எங்கே நிற்கக் கூடாது என்பதற்கு அபராதம் இருப்பதுபோல, எங்கே நிற்கலாம் என்று சொல்லும் வேலையும் அரசின் கையில் உண்டு என்று இதற்குப் பொருள். பெருநகரத்தில் மாநகராட்சி இருக்கிறது, போக்குவரத்துக் காவல் இருக்கிறது, கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. வண்டலூர் – வாலாஜாபாத் சாலை மாநில நெடுஞ்சாலை 48. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூர், செங்குன்றம் போவது மாநில நெடுஞ்சாலை 57. இரண்டும் ஒரகடத்தில் குறுக்கிடுகின்றன. வடக்கே சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. இவற்றுக்கு நடுவில் சிப்காட் போட்ட உட்சாலைகள், அவற்றை ஒட்டிக் கிராம ஊராட்சிச் சாலைகள். ஒரு டிரெய்லர் ஆலைக்குள் நுழையுமுன் நான்கு அதிகாரங்களின் எல்லையைக் கடந்துவிடும். எந்தச் சாலையில் படம் எடுக்கப்பட்டது என்பதே முதல் கேள்வியாவது அதனால்தான். சலானில் 'ஒரகடம்' என்று மட்டும் அச்சாகியிருந்தால், அது இடத்தைச் சொன்னதாகாது.

இந்த இடத்தில் நம் தரப்பாரே கிளப்பும் ஒரு தவறான வாதத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். சிப்காட் உட்சாலை தனியார் சாலை, அங்கே காவல்துறைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். நிற்காது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். ஆலை மதிலுக்கு உள்ளே என்றால் கதை வேறு.

பலகைக்கு வருவோம். வட்டத்துக்குள் நீல நிறம், சிவப்பு விளிம்பு, ஒரே ஒரு சிவப்புச் சாய்கோடு இருந்தால் நிறுத்தக் கூடாது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. முதல் பலகைக்குக் கீழே ஆளை ஏற்றி இறக்க நிற்கலாம். இரண்டாவதன் கீழே அதுவும் கூடாது. வெளிமாநில ஓட்டுநருக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, கோட்டைப் பார்த்தால் போதும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. ஆனால் இந்த வழித்தடத்தில் பல இடங்களில் கண்ணில் படுவது, ஆலைக் காம்பவுண்டில் ஆலைக்காரர்களே பெயிண்டில் எழுதிய 'இங்கு வாகனம் நிறுத்தாதீர்' என்ற வரிதான். அது அந்த ஆலையின் விருப்பம். 116ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்றவர்கள் நட்ட பலகைக்குத்தான் சட்ட பலம் உண்டு. இன்னும் சில இடங்களில் உண்மையான பலகையே இருக்கும். அது மரக்கிளைக்கோ, விளம்பரத் தட்டிக்கோ பின்னால் இருக்கும், அல்லது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் அம்பு இருக்காது.

எதிர்த்தரப்புக்கு இதில் வலுவான பதில் ஒன்று உண்டு. எல்லாத் தடைக்கும் பலகை வேண்டியதில்லை. 2017 விதிகள் சில இடங்களைப் பலகை இல்லாமலேயே விலக்குகின்றன: சந்திப்பின் அருகே, வளைவில், பாலத்தில், நடைபாதையில், பாதசாரிக் கடவையில், வேகமாக வண்டிகள் ஓடும் பிரதான சாலையில், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக. ஒரகடம் மேம்பாலத்தின் கீழே வளைவில் நிறுத்திவிட்டு, பலகை எங்கே என்று கேட்பவரின் கோப்பை நான் கையில் எடுப்பதில்லை. மாநில நெடுஞ்சாலை 48இன் ஓடுபாதையில் நின்ற வண்டிக்கும் அப்படியே. எதிர்க்கத் தகுந்தவை அணுகுசாலையிலும், சிப்காட் உட்சாலை ஓரத்திலும், ஓடுபாதையை விட்டு முழுதாக இறங்கி மண்ணில் நின்ற வண்டிகள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் வருகிற சலானையெல்லாம் எதிர்ப்பவர், நியாயமான வழக்கையும் சேர்த்தே தோற்கடிப்பார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் உயிர் பற்றியது. இரவில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் இருசக்கர வாகனம் மோதிய செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, நின்ற வாகனத்தில் மோதுவதைத் தனி வகையாகவே வைத்துக் கணக்கெடுக்கிறது. சாலைச் சாவுகளைக் குறைக்கச் சொல்லிக் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2024இல், கேமரா மூலம் கண்காணிக்கும் 136ஏ பிரிவை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. இரவு ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வீட்டுக்குப் போகும் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால், சாலையோர டிரெய்லர் சாகடிக்கும் சங்கதிதான். இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அந்த ஆபத்தைக் குறைக்கிற கேள்விகள் சலானில் இல்லை. பின்விளக்கு எரிந்ததா, பிரதிபலிப்புப் பட்டை அழுக்கில்லாமல் இருந்ததா, எச்சரிக்கை முக்கோணம் வைத்தார்களா, வண்டி ஓடுபாதைக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் யாரும் குறிப்பதில்லை. பகல் பதினோரு மணிக்கு மண்ணில் ஒதுங்கி நின்ற வண்டிக்கும், நள்ளிரவில் விளக்கணைத்துத் தாரில் நின்ற வண்டிக்கும் அதே 500. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற அபராதத்தால் இரண்டாவது வண்டிக்காரன் திருந்த வழியில்லை. அவனுக்கு 122ஆம் பிரிவோடு, பொதுவழியில் ஆபத்து உண்டாக்கியதற்கு பாரதிய நியாய சன்ஹிதையின் 285ஆம் பிரிவும் இருக்கிறது. அதில் அபராதம் 5,000 ரூபாய் வரை போகும். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் அதைப் போடட்டும்.

லாரி ஏன் நிற்கிறது என்று கேட்டால் வழக்கின் முகமே மாறும். இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது 1990களின் பின்பாதியில். ஒரகடத்தில் ரெனோ – நிஸான் 2010இல் தொடங்கியது, டெய்ம்லர் 2012இல், ராயல் என்ஃபீல்டு 2013இல். கண்ணாடி, டயர், செல்போன், கட்டுமான இயந்திரம் என்று சுற்றிலும் ஆலைகள் நிறைந்தன. இவற்றில் பலவும் உதிரிபாகத்தைச் சேமித்து வைப்பதில்லை; தேவைப்படும் மணிக்குத் தேவைப்படும் அளவு வர வேண்டும். கிடங்கை மூடி மிச்சம் பிடித்த இடத்தின் சுமை சாலைக்கு வந்துவிட்டது. புனேயிலிருந்தோ மானேசரிலிருந்தோ புறப்பட்ட வண்டி, தாமதமானால் கழிவு விழும் என்று பயந்து முன்கூட்டியே வந்துவிடும். கேட்டில் டோக்கன் போட்டுக்கொண்டு, அழைக்கும்வரை வெளியே இரு என்பார்கள். வெளியே என்றால் எங்கே? அதற்குப் பதில் எந்தக் கேட்டிலும் எழுதியிருக்காது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கும் இதே கதி. இன்னொரு பக்கம், தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நடுவில் ஓய்வு என்கிறது. தொடர்ந்து ஓட்டாதே என்று ஒரு சட்டமும், நிறுத்தாதே என்று ஒரு சலானும் சேர்ந்தால், ஓட்டுநர் காற்றில் நிற்க வேண்டியதுதான்.

இந்தத் தொழிலில் கேட் டோக்கனை நான் தங்கமாகப் பார்ப்பது இதனால்தான். டோக்கனில் வண்டி எண், வந்த நேரம், அழைத்த நேரம் எல்லாம் இருக்கும். சலானில் உள்ள நேரம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தால், வண்டி கேட்பாரற்று விடப்படவில்லை, ஆலையின் வரிசையில் காத்திருந்தது என்பது ஆவணமாகிறது. ஓட்டுநர் சீட்டில் இருந்தார், கூப்பிட்டால் நகர்த்தியிருப்பார் என்பதும் அதோடு சேரும். இது முழு விடுதலை வாங்கித் தரும் என்று சொல்லமாட்டேன். ஆலை கேட்டது என்பதற்காகப் பொதுச் சாலையை அடைக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. ஆனால் காத்திருப்பின் காரணம் நீதிமன்றக் கோப்பில் ஏறுகிறது. பணம் கட்டிய சலானில் அது ஒருபோதும் ஏறாது.

கேமரா வழியாக வந்த சலான் என்றால் இன்னும் சில சோதனைகள் உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்ந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருப்பதை முன்னதாகவே அறிவிக்கும் பலகை வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், நாள், நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியச் சான்று ஆகியவை சலானோடு இருக்க வேண்டும். நிகழ்ந்ததிலிருந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கருவிகளின் பட்டியலில் சிசிடிவி, வேகத் துப்பாக்கி, உடலில் அணியும் கேமரா, டேஷ்போர்டு கேமரா எல்லாம் உண்டு. செல்போன் என்ற சொல் இல்லை. மாநில அரசு குறிப்பிடும் வேறு தொழில்நுட்பம் என்ற திறப்பு இருப்பதால், அப்படிக் குறிப்பிட்ட ஆணை எது என்று கேட்கலாம். பல மாதம் கழித்துத் தூசி தட்டி எடுக்கும் பழைய சலானுக்கு வேறு ஒரு கதவு இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறையின் கால வரம்பு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனை பாடா என்ற கேள்வி உரிமையாளர்களிடமிருந்துதான் முதலில் வரும். ஒரு நாள் வண்டி நின்றால் இழப்பு அதைவிடப் பெரிது என்பது உண்மை. ஆனால் கட்டிய தொகையோடு கதை முடிவதில்லை. முதல் சலானை ஒப்புக்கொண்டவருக்கு அடுத்தது 1,500 ஆகிறது. 'இரண்டாவது குற்றம்' என்று சட்டம் சொல்வது ஆளைப் பற்றி. பதிவேடோ வண்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. நேற்று ஒரு ஓட்டுநர், இன்று வேறொருவர் என்றாலும் வண்டி பழைய குற்றவாளி. நிலுவை இருந்தால் எஃப்.சி., பர்மிட் வேலையில் முட்டுக்கட்டை விழும் என்ற பயத்தில், எஃப்.சி.க்கு முந்தின வாரம் மொத்தமாகக் கட்டிவிடுவார்கள். ஆன்லைன் அபராதத்தை எதிர்த்து லாரி உரிமையாளர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலுக்கு ஆதாரமாக எதிர்க்கப்பட்ட கோப்புகள் இருந்தால் அதன் எடை கூடும். சிறிய தொகை பெரிய கேள்வியாக மாறியதற்கு வெளிநாட்டு உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரில், நின்ற நேரத்தைக் கணக்கிட டயரில் சாக்பீஸ் கோடு போட்டுச் சில டாலர் அபராதம் விதித்துவந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், வாரண்ட் இல்லாமல் டயரில் கோடு போடுவது அரசியல் சாசனத்தின் கண்ணில் சோதனையே என்று 2019இல் தீர்ப்பானது.

எதிர்க்கும் வழி அவ்வளவு கரடுமுரடானதும் அல்ல. இ-சலான் தளத்திலேயே புகார் பதியும் வசதி இருக்கிறது. தவறான வண்டி எண், ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு சலான் போன்றவை அங்கேயே தீர வாய்ப்புண்டு. மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலானில் கட்டுவதா, எதிர்ப்பதா என்று இரண்டு பொத்தான்கள் வரும். எதிர்த்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். கெடு நாட்கள் குறித்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சலானில் அச்சான தேதியை முதலில் பார்ப்பது நல்லது. அதற்கு முன்பே நான் செய்யச் சொல்வது தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்தச் சாலையின் இந்தப் பகுதியில் நிறுத்தத் தடை விதித்த ஆணையின் நகல், பலகை நட்ட நாள், 117ஆம் பிரிவின்படி தீர்மானித்த நிறுத்துமிடங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆணை இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தால், அந்தப் பதிலைவிடச் சிறந்த சாட்சி வேறு வேண்டாம்.

மதிலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல என்று ஆலைகள் சொல்லும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற ஆண்டுகளிலும் இதே மாதிரிப் பேச்சு இருந்தது. நெரிசலின் வேர் கேட் நடைமுறையில் இருந்தது. சிங்கப்பூரில் கனரக வண்டி வைத்திருப்பவர், அது இரவில் எங்கே நிற்கும் என்று நிறுத்துமிடச் சான்றிதழ் காட்டினால்தான் சாலை உரிமம் கிடைக்கும். வண்டி வாங்குமுன் இடம் என்பது அங்கே விதி. இங்கே ஆலைக்கு அனுமதி தரும்போதே, ஒரு மணி நேரத்தில் உச்சமாக எத்தனை லாரி வரும், அவை மதிலுக்குள் எங்கே காத்திருக்கும் என்று கேட்டிருந்தால் சலானில் பாதி பிறந்தே இருக்காது. இனியாவது, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் சிப்காட்டும் கூடி, இந்த வழித்தடத்தில் கனரக வண்டிகள் நிற்கலாம் என்று 117ஆம் பிரிவின்கீழ் தீர்மானித்த இடங்களின் பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு ஆலைக் கேட்டிலும் ஒட்ட வேண்டும். அதுவரை ஓட்டுநர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம்தான்: நிறுத்தியதும் இறங்கி, பலகை இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள், கேட் டோக்கனைக் கசக்கி எறியாதீர்கள், இரவென்றால் பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.